கண் பிதுங்காத மீன்

அத்தியாயம் 7

"வாழைப்பழத்த யாரு கொண்டாந்தது?"

கேப்டன் ஹார்லன் க்வேவ் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே டூயி லாசிட்டருக்குப் பழம் பாதித் தொண்டையில் நின்றது.

"நான்தான் கேப்டன். காலைல ஒண்ணும் சாப்பிடல..."

கேப்டன் அவன் கையிலிருந்த மிச்சத்தையும், இருக்கையில் கிடந்த இன்னும் இரண்டு பழங்களையும் எடுத்துக் கடலில் எறிந்தார். தோலைக்கூட விட்டு வைக்கவில்லை.

"என் படகுல வாழைப்பழம் ஏறாது தம்பி. ஏறினா, போன ஆள் எல்லாரும் திரும்பி வர மாட்டாங்க."

அவ்வளவுதான். சுக்கானுக்குப் போய்விட்டார். 'மிஸ் ஓபல்' டெர்ரபின் துறையின் கற்சுவரைக் கடந்து மெக்சிகோ வளைகுடாவுக்குள் மூக்கை நீட்டியது. காலை ஆறே கால் மணி. ஜூன் மாதம். சிவப்புச் சங்கரா பிடிக்கத் தடை நீங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த நேரத்துக்குத் துறையில் பத்துப் பதினைந்து படகுகள் வாடிக்கையாளர்களை ஏற்றிக்கொண்டிருந்தன. 'மிஸ் ஓபல்' மட்டும் பதினோரு நாட்களாகக் கட்டிக் கிடந்து இன்றைக்குத்தான் கிளம்புகிறது. அதில் ஏற இந்த இருவரைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"பாஸ்," என்று டூயி குனிந்து கிசுகிசுத்தான். "எம்மெட்டும் வாழைப்பழம்தான் சாப்பிட்டிருப்பாரு. கேஸ் முடிஞ்சுது. திரும்பச் சொல்லுங்க, கரையில இறங்கிடலாம்."

வெர்னா காட்ரெல் சிரிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. இருபது வருடம் அலபாமா கடற்கரையில் அரசாங்க விசாரணை அதிகாரியாக இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவர். ஓலைத் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, வேகவைத்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். டூயி அவருடைய உதவியாளன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய கார்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன். தரையில் அவனைப்போல் தைரியசாலி கிடையாது.

பதினோரு நாட்களுக்கு முன் எம்மெட் ஸ்டால்வொர்த் என்ற ஏ.சி. மெக்கானிக் இதே படகைத் தனியாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு சங்கரா பிடிக்கப் போனார். திரும்பவில்லை. கரையிலிருந்து இருபத்தெட்டு மைலில், இருநூற்றுப் பத்தடி ஆழக் கடலில், நங்கூரம் தூக்கும் நேரத்தில் தவறி விழுந்துவிட்டார் என்றார் கேப்டன். கடலோரக் காவல் படை மூன்று நாள் அந்த இடத்தைச் சல்லடை போட்டது. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. எம்மெட்டின் பை மட்டும் அவர் அக்கா கார்லிஸுக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் அவருடைய போன் இருந்தது. அதன் பூட்டைத் திறக்கும் எண் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

அதிலிருந்த மூன்று படங்கள் இப்போது வெர்னாவின் போனில் இருந்தன.

"முதல் படத்த இன்னொரு தடவ பாரு."

"பாத்துப் பாத்து எம்மெட் எனக்குச் சொந்தக்காரரு மாதிரி ஆயிட்டாரு பாஸ். இந்தப் படகுல நிக்கிறாரு. கையில மீன் வச்சிருக்காரு. அவரு சிரிக்கிறாரு. மீன் சிரிக்கல."

"மீனோட மூஞ்சியப் பாரு."

"அழகாத்தான் இருக்கு."

"அதான் தப்பு," என்றார் வெர்னா. "அடுத்தது."

இரண்டாவது படம், ஈரம் பட்டாலும் கிழியாத சின்ன நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். பென்சிலில் கடலிடத்தைக் குறிக்கும் எண்கள் இரண்டு வரி. மேலே 'அம்மா அடுப்பு' என்று மூன்று முறை அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது.

"சமையல் குறிப்புன்னு நினைச்சேன்," என்றான் டூயி.

"யாரோ கடலுக்கு அடியில சாமான்களப் போட்டு மீன் கூடுறதுக்கு ஒரு திட்டு கட்டியிருக்காங்க. இது அதோட எண். இந்தக் கரையில கேப்டன்மாரு பொண்டாட்டிகிட்டகூட இதச் சொல்ல மாட்டாங்க. எம்மெட்டுக்கு இந்த நோட்டு ஒரு பழைய தூண்டில் பெட்டிக்குள்ள கிடைச்சுது. போன மாசம் ஃபோலி ஊர்ல ஒரு வீட்டு வாசல்ல பழைய சாமான் வித்தப்ப வாங்குன பெட்டி. கார்லிஸும் கூடப் போயிருக்கா. வித்த பொம்பள, 'என் பழைய புருஷனோட குப்ப, எடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னாளாம்."

மூன்றாவது படம் அந்தப் பெட்டிதான். எம்மெட் தன் கொட்டகையில் வைத்து எடுத்தது. பச்சைத் தகரம், துருப்பிடித்த மூலைகள், உடைந்து ஒட்டுப் போட்ட கைப்பிடி.

டூயி போனைத் திருப்பிக் கொடுத்தான். அதற்குள் அவன் முகம் பெட்டியின் நிறத்துக்கு வந்திருந்தது.

"வாந்தி வர்றவங்க காத்து போற பக்கம் நில்லுங்க!" என்று சிரித்துக்கொண்டே ஓடி வந்தான் பர்விஸ் லாட்னர். கேப்டனைத் தவிர்த்துப் படகில் இருந்த ஒரே வேலையாள். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதன். நாலு பேருக்குச் சேர்த்து அவன் ஒருவனே பேசினான். ஒரு வாளியை டூயியின் மடியில் வைத்து, உப்பு பிஸ்கட் நாலைக் கையில் திணித்தான்.

"மெதுவா மெல்லு தம்பி. என் பழைய சம்சாரம் சொல்லுவா, உன் பேச்சு உப்பு பிஸ்கட் மாதிரி, தண்ணி இல்லாம உள்ள போகாதுன்னு. ஃபோலியில வீட்ட அவ எடுத்துக்கிட்டா. நான் படகுக்கே வந்துட்டேன்."

"படகு உங்களுதா?" என்றான் டூயி வாளிக்குள்ளிருந்து.

பர்விஸின் சிரிப்பு ஒரு கணம் பிந்தி வந்தது. "கேப்டனோடது. நான் பதினேழு வருஷமா இதுல நிக்கிறேன். அவ்வளவுதான்."

வெர்னா வாளியின் ஒட்டுப் போட்ட கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். "இத யாரு கட்டுனது? ரொம்ப நேர்த்தியா இருக்கே."

"நம்ம கை வேலதான் மேடம்! இந்தப் படகுல ஒடஞ்சதெல்லாம் நான் கட்டுனதுதான்."

மேலே சுக்கானில் கேப்டன் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வை வெர்னாவின் மேல் விழுந்து அங்கேயே நின்றது. பிறகு கடலுக்குத் திரும்பியது.

கடல் அன்றைக்கு எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. அலை இல்லை, பறவை இல்லை. தெற்கே வெகு தூரத்தில் மேகம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. படகு இரண்டரை மணி நேரம் ஓடியது. பர்விஸ் மட்டும் பேசினான். பிறகு அவனும் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான்.

நங்கூரம் இறங்கியது. "இங்கதான்," என்றார் கேப்டன். "அந்த ஆள் விழுந்த இடம். கேக்காமலே சொல்லிட்டேன். எல்லாரும் கேக்கத்தான் போறீங்க."

பர்விஸ் இரையைக் கோத்துக் கொடுத்தான். ஈயக் குண்டு இழுத்துக்கொண்டு போன நூல் ஓடிக்கொண்டே இருந்தது. அடியைத் தொட்டதும் டூயியின் கம்பு வில்லாய் வளைந்தது.

"பாஸ்! கீழ யாரோ இழுக்கறாங்க!"

"நீயும் இழு!"

ஐந்து நிமிடம் போராடி அவன் தூக்கிப் போட்டது ஒரு நல்ல சங்கரா. முழங்கை நீளம், செங்கல் சிவப்பு. ஆனால் அதன் வாயிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு பலூன் பிதுங்கித் தொங்கியது. இரண்டு கண்களும் கோலிக்குண்டாய் வெளியே தள்ளியிருந்தன.

"ஐயோ! மாசக் கடைசியில கரெண்ட் பில்லப் பாத்த மூஞ்சி!" என்று பின்வாங்கினான் டூயி.

பர்விஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "அது அதோட வயிறு தம்பி. இருநூத்திப் பத்தடி ஆழம். அங்கேருந்து வேகமா மேல இழுத்தா உள்ள இருக்கற காத்து ஊதி வயித்த வாய் வழியாத் தள்ளிடும். கண்ணும் பிதுங்கிடும். இங்க புடிக்கறது எல்லாம் இப்படித்தான் வரும்."

"எல்லாமேவா?" என்றார் வெர்னா.

"ஒண்ணு விடாம."

"அறுபது அடியில புடிச்சா?"

"அங்க புடிச்சா கடையில வாங்குன மாதிரி அழகா..." பர்விஸ் நிறுத்திக்கொண்டான். கையிலிருந்த கத்தியால் இரையை வெட்டத் தொடங்கினான். ஏற்கெனவே வெட்டிய இரையையே வெட்டினான்.

டூயி மீனைப் பார்த்தான். பிறகு வெர்னாவைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எம்மெட் கையிலிருந்த மீன் இந்த இடத்து மீன் இல்லை. கேப்டன் காவல் படையை மூன்று நாள் தப்பான கடலில் தேட விட்டிருக்கிறார்.

அடுத்த முறை டூயி தூண்டிலை இழுத்தபோது பாதி வழியில் ஒரு வெட்டு. கனம் சட்டென்று குறைந்தது. மேலே வந்தது தலை மட்டும்தான். செவுளுக்குக் கீழே ரம்பத்தால் அறுத்த மாதிரி இருந்தது. வாய் இன்னும் திறந்து மூடியது. படகுக்கு அடியில் நீளமாய் ஒரு சாம்பல் நிழல் திரும்பியது.

"சுறா," என்றான் பர்விஸ். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "இங்க விழுந்தா ஒண்ணும் மிஞ்சாது மேடம். அதான் அந்த ஆளு கிடைக்கல."

வெர்னா கையைத் துடைத்துக்கொண்டு சுக்கானுக்கு ஏறினார். போனை கேப்டனின் முகத்துக்கு நேரே நீட்டினார். எண்கள், அடிக்கோடுகள், 'அம்மா அடுப்பு'.

"கேப்டன், இந்த இடத்துக்குப் போகணும்."

ஹார்லன் க்வேவின் பெரிய கைகள் சுக்கானைப் பிடித்தபடி வெளுத்தன. முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவர் அந்த எண்களைப் படிக்கவில்லை, அந்தக் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வேற யாருகிட்டயாச்சும் காட்டுனியாம்மா?"

"இல்ல."

"சரி," என்றார். "போவோம்."

நங்கூரம் ஏறியது. படகு வடக்கே திரும்பியது. கேப்டன் கை நீட்டி வயர்லெஸ்ஸின் பேசும் கருவியைக் கழற்றினார். அதை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.

டூயி வெர்னாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பாஸ், வயர்லெஸ்ஸக் கழட்டிட்டாரு."

"பாத்தேன்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியும்."

"எனக்குத் தெரியாது. சும்மா தகவலுக்குச் சொன்னேன்." அவன் மிதவைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். கொஞ்சம் யோசித்து, அதன் மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டான்.

தெற்கேயிருந்த மேகம் அவர்களைத் துரத்தி வந்தது. கரையிலிருந்து ஒன்பது மைலில், வெறும் தண்ணீராய்த் தெரிந்த ஒரு இடத்தில் கேப்டன் வேகத்தைக் குறைத்தார். எந்திரம் மட்டும் அடித்தொண்டையில் முனகிக்கொண்டிருந்தது. ஆழம் காட்டும் கருவியில் அறுபத்து மூன்று அடி என்று விழுந்தது. கீழே ஏதோ மேடாக, அதைச் சுற்றி மீன் கூட்டம் புகை மாதிரி.

கேப்டன் படிக்கட்டில் இறங்கி வந்து, அவர்கள் இருவருக்கும் எதிரே நின்றார். பர்விஸ் மீன் பெட்டிக்குப் பின்னால் இருந்தான். கத்தி அவன் கையில்தான் இருந்தது.

"அந்த ஆளோட அக்கா அனுப்பிச்சாளா?"

"ஆமா," என்றார் வெர்னா. "நான் துப்பறியறவ. இவன் என் உதவிக்கு."

"ரெண்டு சட்ட போட்டிருக்கானே, அப்பவே நினைச்சேன்." கேப்டன் சிரிக்கவில்லை. "அது என் பையன் கோல்பியோட நோட்டு. இது அவன் கட்டுன திட்டு. அவன் அம்மா செத்ததும், அவ அடுப்பக் குப்பையில போட மனசு வராம, ரெண்டு இரும்புக் கூண்டோட சேத்துக் கட்டி இங்க இறக்கினான். இந்த எண் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னாடி சின்னப் படகுல தனியா வந்தான். படகு மறுநாள் மணல் திட்டுல ஒதுங்குச்சு. அவன் வரல. நோட்டு எப்பவும் அவன் சட்டப் பையிலதான் இருக்கும். அதுவும் வரல."

அவர் மூச்சு வாங்கினார்.

"பதினோரு நாளைக்கு முன்னாடி அந்த ஏ.சி. மெக்கானிக் ஏறுறான். இதே நோட்டப் பிரிச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். 'ஒரு சிநேகிதன் குடுத்தான் கேப்டன், இங்க மீன் மாடு மாதிரி இருக்குமாம்'னு சொல்றான். என் பையனோட கையெழுத்து! நான் ஒண்ணும் பேசல. இங்க கூட்டி வந்தேன். மீன் புடிக்க விட்டேன். அவன் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுக்கச் சொன்னான். பர்விஸ் எடுத்தான். அப்புறம் கேட்டேன், நோட்டு எங்க கிடைச்சுதுன்னு."

"என்ன சொன்னாரு?"

"வெக்கப்பட்ட மாதிரி சிரிச்சான். 'உண்மையச் சொன்னா சிரிப்பீங்க, ஒரு பொம்பளகிட்ட...'ன்னு ஆரம்பிச்சான். அதுக்குள்ள..." கேப்டன் பர்விஸ் பக்கம் தலையை மட்டும் அசைத்தார். "இவன் பாஞ்சு புடிச்சுத் தள்ளிட்டான். 'நம்ம கோல்பியத் தின்னவன் இவன்தான் கேப்டன்'னு கத்தினான். இவன் கோல்பியச் சின்ன வயசுலேருந்து தோள்ல தூக்கி வளத்தவன்."

"எம்மெட் உடனே மூழ்கிட்டாரா?"

கேப்டன் கம்பிக்கு வெளியே தண்ணீரைப் பார்த்தார்.

"இல்ல. நல்லா நீந்தினான். கூப்பிட்டான். நான் திசைகாட்டியப் பாத்துக்கிட்டே படகத் திருப்பிட்டேன். இவனுக்காகப் பொய் சொன்னேன். என் பையனுக்காக ஒருத்தன் செஞ்சத நான் காட்டிக் குடுக்கறதா?"

தூரத்தில் இடி உறுமியது. டூயி இரண்டாவது மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இறுக்கினான்.

"இப்ப உங்க ரெண்டு பேர என்ன பண்றது?" என்றான் பர்விஸ் மெதுவாக. "கேப்டன், மேகம் வருது. யோசிக்க நேரமில்ல. புயல்ல விழுந்துட்டாங்கன்னு சொன்னா யாரு கேக்கப் போறா?"

வெர்னா அவனைப் பார்க்கவே இல்லை. கேப்டனைத்தான் பார்த்தார்.

"எம்மெட்ட முடிக்க விட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாருன்னு நான் சொல்லட்டுமா? ஒரு பொம்பளகிட்ட ஃபோலியில பழைய சாமான் வாங்கினேன், அந்தப் பெட்டிக்குள்ள இருந்துச்சுன்னு சொல்லியிருப்பாரு. சிநேகிதன் குடுத்தான்னு சொன்னது வெக்கத்துல. வீட்டு வாசல்ல பொறுக்குன எண்ண வச்சுக்கிட்டு மீன் புடிக்க வந்தேன்னு யாரு சொல்லிக்குவா? அவருக்கு உங்க பையன் யாருன்னே தெரியாது."

"பொய்," என்றான் பர்விஸ்.

"அந்தப் பொம்பள, 'என் பழைய புருஷனோட குப்ப'ன்னு சொல்லியிருக்கா." வெர்னா மூன்றாவது படத்தை எடுத்து கேப்டனிடம் நீட்டினார். "பெட்டியோட கைப்பிடியப் பெருசாக்கிப் பாருங்க."

கேப்டன் பார்த்தார். உடைந்த கைப்பிடிக்குப் பதில் ஒரு செப்புக் கம்பி. கம்பியை மஞ்சள் பிளாஸ்டிக் குழாய்க்குள் செருகி, இரண்டு நுனியிலும் ஈயக் குண்டை நசுக்கி அடைத்திருந்தது.

அவர் கண்கள் டூயியின் காலடியில் இருந்த வாளிக்குப் போயின. மஞ்சள் குழாய், நசுங்கிய ஈயம். அங்கிருந்து ஐஸ் பெட்டியின் மூடிக்குப் போயின. அதிலும் மஞ்சள் குழாய். கொக்கிக் கம்பின் பிடியிலும் அதே. தன் படகைப் புதிதாகப் பார்ப்பவர்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அந்த மாதிரி பெட்டி ஊருக்கு நூறு இருக்கு கேப்டன்!" பர்விஸின் குரல் உடைந்தது. "இவ யாரு? நேத்து வந்தவ! நான் பதினேழு வருஷம்..."

கேப்டன் படிக்கட்டில் ஏறி சுக்கானுக்குப் போனார். அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அங்கிருந்தே சாதாரணமாகக் கேட்டார்:

"பர்விஸ். அன்னைக்கு கோல்பி கஷ்டப்பட்டானா?"

"எனக்கு எப்படித் தெரியும் கேப்டன்? சிலிண்டர மாட்டிக்கிட்டு அடுப்பப் பாக்கறேன்னு கீழ இறங்கினவன் மேல வரலேன்னா, அது விதி..."

அவன் நிறுத்தினான். வெகு தாமதமாக நிறுத்தினான்.

"சிலிண்டர்," என்றார் கேப்டன். "கொட்டகையில முக்குளிக்கறப்ப மாட்டுற காத்து சிலிண்டர் ஒண்ணு குறையுதுன்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. போலீஸ்கிட்டகூட. தவறி விழுந்துட்டான்னுதான் ஊரே நினைச்சுக்கிட்டிருக்கு."

"நான் அவன ஒண்ணுமே பண்ணல!" பர்விஸ் கத்தினான். "கூட வரச் சொன்னான், வந்தேன். நோட்டு இருந்த சட்டயப் படகுல கழட்டிப் போட்டுட்டு அவன் கீழ இருந்தான். நான் நங்கூரத்த எடுத்தேன், படக மணல் திட்டுல விட்டேன். அவ்வளவுதான்! படக அவன் பேருக்கு எழுதப் போறேன்னு நீங்கதான சொன்னீங்க? நேத்துப் பொறந்த பையன், என்னைப் பாத்து 'இனிமே என்னக் கேப்டன்னு கூப்பிடு'ன்னான்..."

அவன் கத்தியோடு வெர்னாவை நோக்கி ஒரே தாவலில் வந்தான்.

வெர்னா அசையவில்லை. அவர் கேப்டனின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேக நெம்புகோலின் மேல் இருந்தது. வெர்னா இரண்டு கைகளாலும் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நெம்புகோல் முழுதும் முன்னுக்குப் போனது. 'மிஸ் ஓபல்' அலறிக்கொண்டு மூக்கைத் தூக்கியது. பர்விஸின் கால்கள் வழுக்கின. கத்தி தளத்தில் சறுக்கிக் கடலுக்குள் போனது. எதையும் பிடிக்காமல் நின்றிருந்த டூயி, இரண்டு மிதவைச் சட்டைகளோடும் காற்றில் பறந்து வந்து பர்விஸின் முதுகில் மெத்தையாக விழுந்தான்.

எந்திரம் மறுபடியும் முனகலுக்கு இறங்கியது.

"டூயி, அப்படியே இரு!"

"எழுந்திருக்க முடிஞ்சாதான பாஸ்!"

"திட்டம் போட்டு விழுந்தியா?"

"அப்படின்னே ரிப்போர்ட்ல எழுதிக்கோங்க."

தடித்த தூண்டில் நூலால் பர்விஸின் கைகளைப் பின்னால் கட்டினார்கள். அவன் எதிர்க்கவில்லை. "அவன் மேல வந்து கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன்," என்று மட்டும் தளத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன்."

முதல் மழைத் துளிகள் கனமாக விழுந்தன. வெர்னா சுக்கானுக்கு ஏறினார். கேப்டன் இழுப்பறையைத் திறந்து பேசும் கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். திருகு ஏறவில்லை. வெர்னா உதவ நினைத்தார். பிறகு வேண்டாமென்று விட்டார்.

"அந்த ஆளுக்குப் புள்ள குட்டி இருக்கா?"

"ரெண்டு பொண்ணுங்க."

கேப்டன் தலையசைத்தார். பொத்தானை அழுத்தினார். அது எல்லாப் படகும் கேட்கும் பொது அலைவரிசை. காலையில் துறையிலிருந்து கிளம்பிய அத்தனை கேப்டன்களும் அதில்தான் காது வைத்திருப்பார்கள்.

"கடலோரக் காவல் படை, கடலோரக் காவல் படை. இது 'மிஸ் ஓபல்'. கேப்டன் ஹார்லன் க்வேவ் பேசறேன். என் இடத்தக் குறிச்சுக்கோங்க."

அவர் எண்களைச் சொன்னார். நோட்டைப் பார்க்காமல், போனைப் பார்க்காமல், ஒவ்வொரு எண்ணாக.

"இங்க ரெண்டு பேர் கடல்ல போயிருக்காங்க. ஒருத்தன் கோல்பி க்வேவ். என் மகன். அவன விட்டுட்டுப் போனவனப் புடிச்சு வச்சிருக்கோம்." மழை கண்ணாடியை மூடியது. "இன்னொருத்தர் எம்மெட் ஸ்டால்வொர்த். அவர விட்டுட்டுப் போனது நான்."

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு இளம் குரல், தயங்கித் தயங்கி: "'மிஸ் ஓபல்'... இடத்த மறுபடி சொல்ல முடியுமா, சார்?"

கேப்டன் மறுபடி சொன்னார். இந்த முறை இன்னும் மெதுவாக, எழுதிக்கொள்கிறவர்களுக்கு வசதியாக.